ஜியோகிராபஸ் கூம்பு நத்தையை அகன்ற முனையில் பிடித்தால் கொட்டாதா?

நீரலை:
பவளத்திட்டுக்குக் கூட்டிப்போகும் மாணவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது. "கூம்பு நத்தையை அகன்ற பக்கம் பிடித்தால் ஆபத்தில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. கோனஸ் ஜியோகிராபஸ் என்ற கூம்பு நத்தை இனத்துக்கும் இது சரியா? கொட்டினால் சுடுதண்ணீரா, கட்டா?

சங்குமுகம்:
முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். விஷப்பல் வருவது குறுகிய முனை வழியாகத்தான், ஆனால் அதைத் தாங்கி வரும் தும்பிக்கை ரப்பர் மாதிரி நீண்டு வளைந்து ஓட்டின் மறுபக்கத்தையும் தொடும். பல் என்பது கைட்டினால் (நண்டு ஓட்டில் இருக்கும் பொருள்) ஆன, உள்ளே துளையுள்ள குட்டி ஈட்டி. ஒரு பல் ஒரு குத்துக்குத்தான். அடுத்தது பையிலிருந்து வந்துவிடும். மெல்லிய கையுறை தடுக்காது.

இது இரவில் மீன் பிடிக்கிற இனம். வாயை வலைபோல விரித்து மீனை உள்ளே வாங்கிக்கொண்டு அப்புறம்தான் குத்தும். விஷத்தில் மீன் இன்சுலினைப் போன்ற ஒன்று இருப்பது 2015-இல் வெளியானது. மீனின் ரத்தச் சர்க்கரை இறங்கி நீந்த முடியாமல் போகும். தற்காப்புக்குக் குத்தும்போது விஷக் கலவையே வேறு. நம் கைக்கு வருவது அதுதான்.

பவளப்பாறை:
அடையாளம்: 10 முதல் 15 செ.மீ., கைக்குக் கனமே தெரியாத மெல்லிய ஓடு, கீழே போகப் போக அகலும் வாய், உச்சியில் சிறு முடிச்சுகள். 1935-இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் இறந்தவர், ஓட்டை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு அதன் மேல்தோலைக் கத்தியால் சுரண்டியபோதுதான் குத்து வாங்கினார்.

மருந்துப்பெட்டி:
கட்டுத்தான். சுடுதண்ணீர் வலிக்கு மட்டும். இதில் வலி பெரிதாக இல்லாமலே மரத்துப்போகலாம், அதை நம்பிச் சும்மா இருந்துவிடுவார்கள். உயிரை எடுப்பது மூச்சுத் தசை முடங்குவது. அகலமான எலாஸ்டிக் பட்டையை விரலிலிருந்து மேல்நோக்கி முழுக் கைக்கும் சுற்றி, சிம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். விரல் நுனி நீலமானால் இறுக்கம் அதிகம். ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது கூடாது. விஷமுறிவு மருந்து கிடையாது. கண்ணிமை தொங்கி, பேச்சு குழறினால் செயற்கை சுவாசத்துக்குத் தயாராகுங்கள். அசைவில்லாமல் கிடந்தாலும் அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம், பேசிக்கொண்டே இருங்கள்.

நீரலை:
காலி ஓடு என்றால் எடுக்கலாம்தானே?

சங்குமுகம்:
காலி என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இதன் மூடி சிறியது, வாயை அடைக்காது. நத்தை உள்ளே சுருங்கிக்கொண்டால் வெறும் ஓடு மாதிரியே இருக்கும்.