புதுப்பிப்பு: பூசானில் ஆசிரியர் வேலை, பள்ளி விட்டால் பேச ஆளில்லை

டொரண்டோவிலிருந்து தென் கொரியாவின் பூசான் நகரத்துக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த புதிதில் இங்கே எழுதியிருந்தேன். மாலையானால் தனிமை, சக ஆசிரியர்கள் கூடும் 'ஹ்வேசிக்' விருந்துக்குக் குடிப்பழக்கம் இல்லாதவன் போகலாமா என்று கேட்டிருந்தேன். தயங்காமல் போங்கள் என்றீர்கள். போனேன், இப்போது தவறாமல் போகிறேன்.

குடிக்காதது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. என் கோப்பையில் சைடர் ஊற்றினார்கள். இங்கே அது மது அல்ல, வெறும் எலுமிச்சை சோடா. மற்ற முறைகளில்தான் கவனம் வேண்டும். மூத்தவருக்கு ஊற்றுவதும் அவரிடம் வாங்குவதும் இரண்டு கையால். அவர் முன்னால் மது குடிப்பவர்கள் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர் கரண்டியை எடுத்த பிறகே சாப்பாடு தொடங்கும். துணைத் தலைமையாசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டி என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அந்த அக்கறை என்னை உருக்கிவிட்டது. வயதைக் கேட்டால் சங்கடப்படாதீர்கள். எப்படி மரியாதையாகப் பேசுவது என்பது இங்கே வயதைப் பொறுத்தது.

அப்புறம், மலையேற்றம். அந்த விருந்தன்றைக்கே மலையேறும் சக ஆசிரியர்கள் தங்கள் காகாவோடாக் (இங்கே எல்லாரும் பயன்படுத்தும் அரட்டைச் செயலி) குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பொமோசா கோயில் பக்கமிருந்து கும்ஜோங்சான் ஏறினோம், உச்சி 801 மீட்டர். வழியில் முன்பின் தெரியாத பாட்டிகள்கூட ஆரஞ்சு உரித்துத் தந்தார்கள். இறங்கியதும் தோங்னே பஜோன், வெங்காயத்தாள் நிறையப் போட்ட அடை மாதிரி.

சைவம் பற்றிக் கேட்டவருக்கு: பஜோனில் கடலுணவு இருக்கும், கிம்ச்சியிலும் (காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய்) பெரும்பாலும் மீன் சாறு சேர்ப்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.