மறுமொழி: ‘நெகோஷியபிள் வேர்ஹவுஸ் ரெசீப்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கிடங்கில் சரக்கை வைத்தவருக்குத் தரப்படும், இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ கூடிய ஆவணத்துக்குத் தமிழ்ப்பெயர் கேட்டிருந்தோம். மஞ்சள் விவசாயிகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதால் இந்தச் சொல் எனக்கு உடனே தேவைப்படுகிறது. வந்த பரிந்துரைகளுக்குக் கீழேயே என் கருத்தைத் தருகிறேன்.

> ‘கிடங்கு ரசீது’ என்பதே போதுமே. புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. ரசீது என்றால் கொடுத்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். உரக்கடை ரசீதை யாரும் இன்னொருவருக்கு விற்பதில்லை. 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டம் சொல்லும் இந்த ஆவணம் வேறு வகை. மூட்டை கிடங்கை விட்டு அசையாது. ஆவணம் கைமாறினால் மூட்டையின் சொந்தக்காரர் மாறிவிடுவார். 2017 முதல் இது மின்வடிவிலும் வந்துவிட்டது. எடை, தரம், எந்த நாள் வரை செல்லும் என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன. அதன்பேரில் வங்கி கடன் கொடுத்தால் அதுவும் அங்கேயே குறிக்கப்படும். கடன் தீரும்வரை சரக்கை வெளியே எடுக்க முடியாது.

ஈரோட்டுப் பக்கத்தில் மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, விரலி, கிழங்கு என்று பிரித்து முடிப்பதற்குள் வெட்டுக்கூலியும் உரக்கடைப் பாக்கியும் நகைக்கடனும் வாசலில் வந்து நிற்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவை; எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள்; விலை இறங்குகிறது. நன்றாகக் காய்ந்த மஞ்சளோ மாதக்கணக்கில் கெடாத சரக்கு. சரக்கை விற்காமலே பணம் பெறவும், விலை ஏறும்போது விற்கவும் சிறு விவசாயிக்கு இந்த ஆவணம் வழிவிடுகிறது. அந்த வலிமையில் ஒரு துளியாவது பெயரில் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

> ‘கைமாற்றுச் சீட்டு’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான், ஆனால் ஆபத்தானது. கைமாற்று என்றால் ஊரில் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். கடன் வாங்கியதற்கான எழுத்து என்றே புரிந்துகொள்வார்கள்.

> பேரம்பேசத்தக்க சீட்டு

‘நெகோஷியபிள்’ என்பதற்கு அந்தப் பொருளும் உண்டு; ஆனால் இங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. இதை விட்டுவிடலாம்.

> அடகுச் சீட்டு

ஆவணத்தின் ஒரு பயன்தான் அடகு. மேலும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சரக்கை இருப்பு வைத்துப் பெறும் கடனுக்குப் ‘பொருளீட்டுக் கடன்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதைக் குழப்ப வேண்டாம்.

> கிட்டங்கிச் சீட்டு

சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நகரத்தார் சிங்கப்பூர் வரை கொண்டுபோன சொல் அது. ஆனால் கொங்குப் பகுதியில் கிடங்கு, குடோன் என்றுதான் பேசுகிறார்கள்.

> கிடங்குரிமைச் சீட்டு

கிட்ட வந்துவிட்டீர்கள் அம்மா. ஆனால் கிடங்கு நடத்துவதற்கான உரிமம் என்ற பொருளும் இதில் தட்டுகிறது. உரிமை சரக்கின்மீது, கட்டடத்தின்மீது அல்ல.

ஆகவே என் பரிந்துரை: பொதுப்பெயராக ‘இருப்புச் சீட்டு’. விற்கவும் மாற்றவும் கூடியது ‘உரிமைமாற்று இருப்புச் சீட்டு’. வைத்தவர் பெயரிலேயே நிற்பது ‘உரிமைமாறா இருப்புச் சீட்டு’. சிறு மாற்றத்தில் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. ‘மாறா’ என்ற ஈறுகெட்ட எதிர்மறை தமிழுக்கு இயல்பானது. ‘மாற்றத்தகாத’ என்று நீட்டத் தேவையில்லை. மின்வடிவத்துக்கு ‘மின்னிருப்புச் சீட்டு’. சீட்டு என்றால் சீட்டு நிதி நினைவுக்கு வரும் என்று ஒருவர் அஞ்சியிருந்தார். பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு என்று பழகிய நாவுக்கு அந்தக் குழப்பம் வராது.

விளைபொருள் போன்ற சரக்குகளை ஒப்பந்தமாக வாங்கி விற்கும் கமாடிட்டி எக்ஸ்சேஞ்சுக்குப் ‘பண்டச் சந்தை’ போதும். பங்குச் சந்தைக்கு இணையாக நிற்கும்.

அங்கே மஞ்சளுக்கான ஓர் ஒப்பந்த அளவு 5 டன். அரை ஏக்கர்க்காரரால் தனியாக அதை எட்ட முடியாது. விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பலருடைய சரக்கைச் சேர்த்தால்தான் முடியும். அப்போது சீட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ‘சீட்டு யார் பெயரில், உரிமை யாருக்கு’ என்று உறுப்பினர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டும். உரிமை என்ற சொல் பெயரிலேயே இருந்தால் அந்தக் கேள்வி முதல் கூட்டத்திலேயே எழும். நான் இதை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

ஒன்று மட்டும் மீதி. சீட்டுகளை மின்கணக்கில் வைத்திருக்கும் ‘ரெபாசிட்டரி’க்குக் களஞ்சியம் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். நெல் கொட்டும் இடத்தையும் அப்படியே சொல்வதால், சரக்கே அங்கே இருக்கிறது என்று எண்ணிவிடுவார்கள். ‘சீட்டுப் பதிவகம்’ சரிவருமா? இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள். கையேடு இந்த வாரக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.