தம்பிக்கு மூளைக் கட்டி, ஐடிஹெச் நெகட்டிவ்னு வந்தும் மறுபடி டெஸ்ட் பண்ணணுமாம், ஏன்?

ஈசூன்_அக்கா:
வணக்கம், தம்பிக்கு 34 வயசு, மூளையில கட்டி, போன வாரம் ஆபரேஷன் பண்ணி முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டாங்க. ரிப்போர்ட்ல ஐடிஹெச்1ங்கிற ஜீன்ல வர்ற ஆர்132ஹெச் மாற்றம் நெகட்டிவ்னு இருக்கு. இப்ப டாக்டர் சீக்வென்சிங், அதாவது ஜீனை எழுத்தெழுத்தாப் படிக்கிற டெஸ்ட் பண்ணணும், ரிசல்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகும்ங்கிறார். இல்லைன்னு வந்ததை எதுக்குத் திரும்பப் பாக்கணும்? அம்மா உடனே ரேடியேஷன் ஆரம்பிக்கச் சொல்லி அழுறாங்க, செலவு வேற பயமா இருக்கு. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

லேப்_தம்பி:
அக்கா, வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் பத்தாலஜி லேப்லதான் இருக்கேன். முதல்ல பண்ணது ஸ்டெயின், கட்டியை மெழுகுல பதிச்சு மெல்லிசா சீவி கண்ணாடியில ஒட்டி ஆன்டிபாடி விடுவோம், மாற்றம் இருந்தா செல்லெல்லாம் பழுப்பாத் தெரியும். ஆனா அந்த ஆன்டிபாடி ஆர்132ஹெச் ஒண்ணைத்தான் புடிக்கும். ஐடிஹெச் மாறின கிளையோமாங்கிற மூளைக் கட்டி வகையில பத்துக்கு ஒம்போது அதுதான், மிச்சம் ஐடிஹெச்1லயே வேற மாற்றமாவோ ஐடிஹெச்2ங்கிற இன்னொரு ஜீன்லயோ இருக்கும், ஸ்டெயின்ல சிக்காது. அதனாலதான் 55 வயசுக்குக் கீழன்னா சீக்வென்சிங் கேக்குறாங்க.

2021 உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டுல கட்டியோட பேரே இதை வச்சுத்தான். மாற்றம் இருந்தா ஆஸ்ட்ரோசைட்டோமா, கூட குரோமோசோம்ல 1பி, 19க்யூங்கிற பகுதி ரெண்டும் காணாமப் போயிருந்தா ஒலிகோடென்ட்ரோகிளையோமா. மாற்றமே இல்லைன்னா, மைக்ரோஸ்கோப்ல சாதுவாத் தெரிஞ்சாக்கூட வேற சில ஜீனையும் பாத்துட்டு வேகமா வளர்ற கிளையோபிளாஸ்டோமான்னு சொல்ல வேண்டி வரலாம். மூணுக்கும் வைத்தியம் வேற வேற, பேரு தெரியாம ரேடியேஷன் ஆரம்பிக்கறது எனக்குச் சரியாப் படல.

தேக்காவாசி:
என் வொய்ஃபுக்கு ஒலிகோ, கிரேடு 2, அதாவது மெதுவா வளர்றது. மாறிப்போன ஐடிஹெச் என்சைம் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட்னு ஒண்ணை அளவில்லாம உண்டாக்கும், அதை நிறுத்துற மாத்திரைதான் வோராசிடெனிப், 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஒத்துக்கிச்சு. கிரேடு 2க்கு, ஆபரேஷனுக்கு அப்புறம், மாற்றம் இருக்குன்னு டெஸ்ட்ல உறுதியானவங்களுக்கு மட்டும்தான். 331 பேர் கலந்துக்கிட்ட ஆய்வுல நோய் மோசமாகாம இருந்தது நடுவாரியா 27.7 மாசம், மருந்தில்லாத மாத்திரை எடுத்தவங்களுக்கு 11.1 மாசம். ஆனா லிவரை அடிக்கடி பாக்கணும். தம்பிக்கு கிரேடு என்னன்னு போடலையே நீங்க?

காசு விஷயம், வார்டுல மெடிக்கல் சோஷியல் வொர்க்கரை இப்பவே பாருங்க. 2022 செப்டம்பர்ல இருந்து நம்ம சிங்கப்பூர் மெடிஷீல்டு லைஃப் இன்ஷூரன்ஸ்ல கேன்சர் மருந்துக்கு கிளெய்ம், கேன்சர் டிரக் லிஸ்ட்ல இருக்கற மருந்துக்குத்தான், அதனால எந்த மருந்து சொன்னாலும் லிஸ்ட்ல இருக்கான்னு கேட்டுட்டுத் தலையாட்டுங்க. அம்மாகிட்ட சொல்லுங்க, ஆபரேஷன் புண்ணு ஆறணும்னு ரேடியேஷனுக்கு எப்படியும் சில வாரம் விடுவாங்க, அந்த நேரத்துலதான் இந்த ரிசல்ட்டும் வரும்.

ஈசூன்_அக்கா:
ரொம்ப நன்றி, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், கொஞ்சம் தெளிஞ்சாங்க. கிரேடு 2 மாதிரி இருக்குன்னுதான் சொன்னாங்க, முடிவா எழுதல. சீக்வென்சிங்குக்கு மறுபடி தலையைத் திறக்கணுமா?

லேப்_தம்பி:
இல்லக்கா, ஆபரேஷன்ல எடுத்து மெழுகுல பதிச்சு வச்சதே போதும். ஐடிஹெச்1, ஐடிஹெச்2, 1பி19க்யூ எல்லாம் சேத்துதான் அனுப்புறாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க, தனித்தனியாப் போனா இன்னும் நாளாகும்.