அண்ணன் பதிந்து வைத்த கேசட்: மழைச் சத்தத்தை எடுத்துவிடச் சொல்லலாமா?

சிப்புட்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். பிறந்து வளர்ந்தது பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இப்போது அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. ஒரு கேசட் விஷயமாக இரண்டு நாளுக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

போன வருடம் என் அண்ணன் தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி ஒரு பழைய பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். உள்ளே 43 கேசட். பெரும்பாலும் எம்.எஸ்.வி., இளையராஜா. அதில் ஒன்று மட்டும் எனக்கு உயிர். சி-90 கேசட் (மொத்தம் 90 நிமிடம் ஓடும்), முதுகில் நீல மையில் அண்ணன் கையெழுத்து: ‘பிங்க் ஃபிளாய்ட் – நிலா’. மறுபக்கத்தில் ஆலிகேட்ஸ், நம் பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் மலாய்ப் பாட்டுகள்.

1981-இல் எனக்கு 11 வயது. அண்ணன் ஈப்போவில் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை வந்தவர் கையில் இசைத்தட்டு. கறுப்பு அட்டை, நடுவில் முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு நுழைந்து மறுபக்கம் வானவில்லாக வெளியே வரும். பிங்க் ஃபிளாய்ட் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் ஆல்பம், 1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. தட்டை வாங்கிவிட்டாரே தவிர, அதைப் போட வீட்டில் மெஷின் கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஐயாவிடம் கெஞ்சி ஒரு ராத்திரிக்கு மட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்தார்.

லயத்துக்கு ஜெனரேட்டர் கரண்ட் சாயங்காலம் 6 மணிக்கு வந்து 10 மணிக்குப் போய்விடும். அதற்குள் பதிந்தாக வேண்டும். இரண்டையும் இணைக்கிற வயர் எங்களிடம் இல்லை. ரேடியோ கேசட்டை ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்தி, அதிலிருந்த மைக்கிலேயே பதிந்தார். யாரும் பேசக் கூடாது, நடக்கக் கூடாது, டம்ளரைக்கூடக் கீழே வைக்கக் கூடாது என்று உத்தரவு. அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு பியானோவில் மெதுவாக ஆரம்பிக்கும். ஒரு ஆள் ஏதோ பேசுவார். பிறகு ஒரு பெண் சொல்லே இல்லாமல் பாடுவார், கத்துவார், அழுவார். எங்கள் கேசட்டில் அந்தப் பியானோ தொடங்கும்போதே தகரக் கூரையில் மழை விழ ஆரம்பிக்கிறது. அந்த ஆள் பேசி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா குரல்: “துணி நனையுது, யாராவது எடுங்கடா!” உடனே அந்தப் பெண்ணின் குரல் மேலே எழுகிறது. அண்ணன் நடுவில் நிறுத்தாமல் பதிந்ததால், தட்டைத் திருப்புகிற சத்தமும், அவருடைய ஒரு இருமலும், ஊசி இறங்குகிற கரகரப்பும் அப்படியே இருக்கின்றன. அப்புறம்தான் தட்டின் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் சில்லறைக் காசு குலுங்கும்.

அம்மா 1996-இல் போய்விட்டார். அம்மா குரல் என்று எங்கள் குடும்பத்தில் இருப்பது அந்த நாலு வார்த்தைதான்.

கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். நேற்று மாதிரிக்குக் கொஞ்சம் அனுப்பினார்கள். “சத்தமெல்லாம் எடுத்துட்டோம் அங்கிள், இப்ப சுத்தமா இருக்கு” என்றார் அந்தத் தம்பி. மழை இல்லை. இருமல் இல்லை. அம்மா குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்படியே முழுக்கச் செய்யச் சொல்வதா, வேண்டாம் என்பதா? இன்னொன்று, கேசட்டில் சில இடங்களில் பாட்டு லேசாக இறங்கிப் பிறகு ஏறுகிறது. நாடா இழுபட்டுவிட்டதா? நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணமும் தெரிகிறது. மகன் என் பிறந்தநாளுக்கு இசைத்தட்டு மெஷினும் அதே ஆல்பத்தின் புதுத் தட்டும் வாங்கித் தந்தான். அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு அவசரமாக ஓடுகிற மாதிரி ஒரு உணர்வு. அந்தப் பியானோ வந்ததும் காது அம்மாவுக்காகக் காத்திருக்கிறது.

தைப்பிங் ரேடியோகாரர்:

தம்பி, முதலில் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கே. பூசணம் பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் அது நாடாவிலிருந்து ஒலியை எடுக்கிற ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். 30 வருடத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் செய்தவன் சொல்கிறேன்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதுதான் முதல் மருந்து. வெயிலில் காய வைக்காதீர்கள். காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் திறங்கள். மூடி ஸ்குரூ போட்டதா, ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டியதாக இருந்தால் கவனமாகப் பிளந்து, நாடாவை மட்டும் எடுத்து ஸ்குரூ வைத்த வேறு கூட்டுக்கு மாற்றலாம். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். பழைய கேசட்டில் அதன் பசை விட்டுப்போய் விழுந்திருக்கும், அது இல்லாவிட்டால் ஒலி மங்கும். வேறு கூட்டுக்கு மாற்றினால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. சி-90 நாடா சி-60-ஐவிட மெல்லியது, கைப்பதம் முக்கியம். போட்டுக் கேட்பதற்கு முன் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றுங்கள். மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தெரியாத்தனமாக யாரும் மேலே பதிந்துவிட முடியாது.

பாட்டு இறங்கி ஏறுவதற்கு நாடா காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். இழுபட்ட நாடா வேறு மாதிரி நெளியும். அந்தக் காலத்துத் தட்டு மெஷின் பலவற்றில் மோட்டார் கரண்டின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுற்றும். நம் நாட்டில் நொடிக்கு 50 சைக்கிள். தோட்டத்து ஜெனரேட்டரில் அது நிலையாக இருக்காது. ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் போட்டால் எஞ்சினுக்குப் பாரம் கூடும், வேகம் குறையும், தட்டும் மெதுவாகும், பாட்டு இறங்கும். யாராவது டிவியை அணைத்தால் திரும்ப ஏறும். உங்கள் ரேடியோ பேட்டரியில் ஓடியிருந்தால் அதன் வேகம் மாறியிருக்காது, அதனால் ஜெனரேட்டர் திணறியது அப்படியே நாடாவில் விழுந்திருக்கும். புதுத் தட்டு அவசரப்படுவதாகத் தோன்றுவதும் இதனால்தான். அது சரியான வேகத்தில் போகிறது. உங்கள் காது அந்தத் தோட்டத்து வேகத்துக்குப் பழகிய காது.

மாற்றும்போது ஹெட்டின் ஓரத்தில் இருக்கிற சின்ன ஸ்குரூவை மெல்லத் திருப்பி, ஒலி எங்கே மிகத் தெளிவாக வருகிறதோ அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஒலியைச் சுருக்குகிற எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பு. இரைச்சல் நீக்குகிற பொத்தான் எதையும் தொடக் கூடாது. முதல் நகல் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். நீக்குவது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். நீக்கிய பிறகு மூலக் கேசட்டும் போய்விட்டால் அம்மாவை எங்கே தேடுவீர்கள்?

கோலகங்சார் மலர்:

அண்ணே, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நானும் லயத்துப் பிள்ளைதான்.

அந்தப் பியானோவுக்கு மேல் ஒரு ஆள் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாடகரோ நடிகரோ இல்லை. லண்டன் அபி ரோட்டில் அந்த ஆல்பத்தைப் பதிந்த ஸ்டுடியோவின் வாயில்காவலர், ஜெரி ஓ’டிரிஸ்கால் என்கிற ஐரிஷ்காரர். குழுவில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்வி எழுதி வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்டார். சாவுக்குப் பயமா என்பது அதில் ஒன்று. பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியிடமும் கேட்டார்கள், அவர் பதில் ஆல்பத்தில் சேரவில்லை. வாயில்காவலர் பதில் சேர்ந்தது. சாவதில் எனக்குப் பயமில்லை, எப்போது வந்தாலும் சரிதான் என்கிற அர்த்தத்தில் அவர் பேசுவதைத்தான் நீங்கள் 11 வயதில் கேட்டிருக்கிறீர்கள். ஆல்பம் முடிகிற இடத்தில், இதயத் துடிப்புக்கு மேல் பேசுவதும் அவர்தான்.

சொல்லில்லாமல் பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், வார்த்தை வேண்டாம் என்றார்கள், 30 பவுண்டு பணம் கொடுத்தார்கள். அந்தப் பாட்டை உண்டாக்கியவர்களில் ஒருவர் என்று அவர் பெயர் சேர, அவர் வழக்குப் போட்டு 2005-இல் சமரசம் ஆக வேண்டியிருந்தது. எத்தனை வருடம் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆல்பமே வேலைக்கு வந்தவர்களின் குரலை உள்ளே வைத்துக் கட்டியது. வாயில்காவலர் பேசுகிறார், அவருக்குப் பக்கத்தில் உங்கள் அம்மா துணி எடுக்கச் சொல்கிறார், பிறகு கிளேர் டோரி. அம்மா சரியான இடத்தில்தான் பேசியிருக்கிறார். அந்த மழையில் ஒரு சொட்டைக்கூட எடுக்க விடாதீர்கள் அண்ணே.

கிள்ளான் கிட்டார்:

அண்ணே, அம்மா குரலை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மலர் அக்கா சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை.

அந்த ஆல்பத்தை 1972 நடுவில் தொடங்கி 1973 பிப்ரவரி வரை பதிந்தார்கள். நாலாவது பாட்டின் முகப்பில் கடிகாரங்கள் ஒன்றாக அடிக்கின்றனவே, அவற்றை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தார். காசு குலுங்குகிற சத்தத்துக்கு நாடாவைத் துண்டு துண்டாக அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி, மெஷினில் சுற்ற விட்டார்கள். அதனால்தான் அது ஏழு எண்ணிக்கையில் அவ்வளவு ஒழுங்காக விழுகிறது. ஒரு ஸ்பீக்கர் முன்னால் வைத்த ஒரு மைக்கில் இதெல்லாம் எப்படி வரும்? இடமும் வலமும் ஒன்றாகிவிடும். ஆரம்பத்து இதயத் துடிப்பு மழையில்லாத போதுகூடக் கேட்டிருக்காது.

கேசட் உங்கள் வீட்டின் சொத்து. ஆல்பம் அவர்களுடைய வேலை. இரண்டும் வேறு. மகன் வாங்கித் தந்த தட்டை, கேசட்டோடு ஒப்பிடாமல் ஒரு ராத்திரி தனியாக, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அந்த உழைப்புக்கு நாம் தருகிற மரியாதை அது. கேசட்டை வேறு நாளில் கேளுங்கள்.

சிப்புட்வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ரேடியோகாரர் ஐயா சொன்ன அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன். ஆமாம் ஐயா, எங்கள் ரேடியோ பேட்டரியில்தான் ஓடியது. பெரிய பேட்டரி ஆறு. புதுசாக வாங்கினால்தான் பதிவு நன்றாக இருக்கும் என்று அண்ணன் அன்றைக்குக் கடையில் கடன் சொன்னது ஞாபகம் வருகிறது. பாட்டு இறங்குகிற இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்று அநேகமாக எங்கள் பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும், தமிழ்ப் படம் போடுகிற நாளென்றால் லயமே அங்கேதான் இருக்கும்.

கிட்டார் தம்பி, நீங்கள் சொன்னபடி விளக்கை அணைத்துத் தட்டைக் கேட்டேன். கடிகாரம் ஒவ்வொன்றும் வேறு வேறு மூலையில் அடிக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் கேட்ட பாட்டில் இது இருந்ததே எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாமலே போய்விட்டது. அதுதான் வருத்தம். அந்த ஒரு ராத்திரி தவிர அவர் அந்தத் தட்டை நல்ல மெஷினில் கேட்டதாகத் தெரியவில்லை.

நாடாவை ஸ்குரூ வைத்த கூட்டுக்கு மாற்றினோம். மகன் பிடித்துக்கொண்டான், நான் மாற்றினேன், இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. அந்தச் சின்ன ஸ்குரூவையும் திருப்பினோம். மூன்றாவது தடவை திருப்பியபோது மூடியிருந்த ஜன்னலைத் திறந்த மாதிரி மழை பளிச்சென்று வந்தது. எதையும் நீக்காமல் வேவ் கோப்பாக ஏற்றி, அண்ணிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று கொடுத்தாயிற்று.

மலர் தங்கச்சி, வாயில்காவலர் பேசுகிறார், அம்மா கூப்பிடுகிறார். இதுவரை கேட்காத ஒன்று அதற்குப் பிறகு இருக்கிறது. பலகைத் தரையில் தட தடவென்று யாரோ ஓடுகிற சத்தம், பின்கதவு திறக்கிற சத்தம். மகன் யாருப்பா அது என்று கேட்டான். அன்றைக்கு அண்ணன் மெஷினை விட்டு நகரவில்லை, அப்பா வாசலில் இருந்தார். கொடியில் துணி எடுக்க ஓடியது நான்தான்.