சல்பேஷன்: "சல்பேற்றம்" வேண்டாம், "இறுகல்" என்று வைப்போம்

வணக்கம்.

பற்றரித் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் பற்றரி கெடுவதை ஆங்கிலத்தில் சல்பேஷன் (sulfation) என்பார்கள். நாங்கள் எழுதும் வாகனப் பற்றரிக் கையேட்டுக்கு, அதற்கான தமிழ்ச் சொல்லாக முந்தைய மடலில் வந்த "சல்பேற்றம்" எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்து வரியிலேயே மின்னேற்றம் என்று வருகிறது, கராஜில் வேலை பழகும் பொடியன் இதுவும் ஏதோ ஏற்றவேண்டியது என்றுதான் எடுப்பான்.

ஈய அமிலப் பற்றரியில் மின் இறங்கும்போது (டிஸ்சார்ஜ்) நேர், எதிர் என்ற இரண்டு வகைத் தகட்டிலும் ஈய சல்பேற்று உண்டாகிறது. அது பழுதே இல்லை; ஒவ்வொரு முறை ஸ்ரார்ட் பண்ணும்போதும் நடப்பது, மின்னேற்றினால் பழையபடி மாறிவிடும். இறங்கின நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால்தான் அது பெரிய பளிங்குகளாக இறுகித் தகட்டை அடைக்கிறது, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுதாகத் திரும்பாது. ஆகவே சொல்லில் தெரியவேண்டியது உண்டாவது அல்ல, இறுகுவது. பாடநூலுக்கு "சல்பேற்றிறுகல்", கராஜுக்கு வெறும் "இறுகல்". தமிழ்நாட்டார் சல்பேட் என்று எழுதினாலும் "இறுகல்" என்ற பின்பாதி பொதுவாக நிற்கும்.

"உப்புப் பூத்தல்" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அழகான சொல்தான், ஆனால் அதை வயர் பூட்டும் முனைகளில் வெளியே தெரியும் பூப்புக்கே விடவேண்டும். அது அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசலின் பூசினால் தீர்ந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் முனையைத் துடைத்துவிட்டு உள்ளேயும் சரி என்று நம்புவார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் அவசரமாகத் தேவை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வந்துபோகும்போது ஓட வாங்கிவிட்ட வான், கார் எல்லாம் மற்ற மாதங்களில் வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றன. ஓடாவிட்டாலும் பற்றரி தானாக இறங்கும், இந்த வெக்கையில் இன்னும் வேகமாக. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வண்டிகள் நின்றபோதும் இதுதான் நடந்தது. சந்திவரை போய்வரும் குட்டி ஓட்டத்தில், ஸ்ரார்ட்டுக்குச் செலவானதே திரும்ப ஏறாது. சில மணி நேரம் ஓய்வாக விட்டு மீற்றர் வைத்தால் 12.6 வோல்ற்றோ கொஞ்சம் கூடவோ காட்டவேண்டும், 12.4 க்குக் கீழே போனால் சார்ஜரில் போடுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த பற்றரியில் இறுகல் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம் என்பதால், வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் கட்டாயம் எழுதவேண்டும்.

அப்புறம், பற்றரிக்குள் ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டருக்கு (distilled water) வழங்கும் "காய்ச்சி வடித்த நீர்". பள்ளியில் படித்த சொல்தான், ஆனால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் துணியில் வடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், சொல் அப்படித்தானே சொல்கிறது! எங்கள் கிணறு சுண்ணக்கல் நிலத்தில் ஊறுவது, கரையோரத்தில் உவர் வேறு. கொதிக்கவைத்தாலும் குளோரைட்டு போகாது, அது தகட்டை அரிக்கும். ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த நீர் என்பது தெரிய "ஆவிவடிநீர்" என்று முன்வைக்கிறேன். கடையில் கேட்கும்போது "பற்றரித் தண்ணி" என்பதே போதும், அதை மாற்றவேண்டாம்.

தானாக இறங்குவதற்குத் "தன்னிறக்கம்" என்று எழுதியிருக்கிறேன். வாகன வேலை தெரிந்தவர்கள் யாராவது, "பற்றரி இறுகிப்போச்சு" என்று உங்கள் பக்கத்துக் கராஜில் சொல்லிப்பார்த்து, கேட்டவருக்கு என்ன விளங்கியது என்று எழுதுங்கள்.