சொந்தமாகக் கட்டிய டியர்டிராப் டிரெய்லர் விற்க மாட்டேன் என்கிறது: விலையா, காகிதமா, கசிவா?

ஃப்ரீமாண்ட்வாசி எழுதியது:

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். கராஜில் நானே கட்டிய டியர்டிராப் டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய படுக்கை வண்டி) விற்கப் பார்க்கிறேன். விளம்பரம் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வருகிறார்கள், கதவைத் திறந்து மூடுகிறார்கள், "அழகாக இருக்கிறது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

விவரம்: நான்கடிக்கு எட்டடி. பாகங்களாக விற்கும் இரும்புச் சட்டத்தை வாங்கி முடுக்கி, அதன்மேல் பிளைவுட்டில் அறை எழுப்பி, வெளியே அலுமினியத் தகடு போர்த்தினேன். உள்ளே இருவர் நன்றாகப் படுக்கலாம். பின்மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. கூரையில் விசிறி உண்டு. விளக்குகளும் லித்தியம் பேட்டரியும் இருக்கின்றன. சாமான் செலவு மட்டும் 5,200 டாலர். 7,500 கேட்கிறேன். இரண்டாவது குழந்தை வந்தபின் நான்கு பேருக்கு இது போதாது. வாசலில் நிறுத்திவைக்கக் குடியிருப்புச் சங்கமும் விடாது.

என் சந்தேகங்கள்: விலை கூடுதலா? டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், 'யூட்டிலிட்டி டிரெய்லர்' (சாமான் ஏற்றும் வண்டி) என்றுதான் இருக்கிறது. சட்டத்தை வாங்கியபோது அப்படிப் பதிந்தது. அதைப் பார்த்து ஒருவர் பின்வாங்கினார். மாற்ற வேண்டுமா? மூன்றாவது, போன மழையில் பின்மூடியின் கீலுக்கு அடியில், சமையல் அலமாரியின் மேல்மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. சிலிக்கான் பூசினேன். அடுத்த மழையில் மறுபடியும் அதே இடம்.

ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. வெளிமாநிலத்து ஆள் ஒருவர் பேரம் பேசாமல் முழு விலையும் தருகிறேன் என்கிறார். கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் தரும் காசோலை) அனுப்புவாராம். ஏற்றிச் செல்பவருக்கான கூலியும் அதிலேயே சேர்ந்திருக்கும், அதை மட்டும் நான் அவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

மரப்பொடி எழுதியது:

கடைசியில் எழுதியதை முதலில் முடிப்போம். அந்த ஆளுக்குப் பதில் போடாதீர்கள். போலி செக். வங்கி ஓரிரு நாளில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும்; போலி என்று தெரிய வாரங்கள் ஆகலாம். அதற்குள் நீங்கள் கொடுத்த 'கூலி' போயிருக்கும், வங்கி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கும். பார்க்காத வண்டிக்குப் பேரம் பேசாமல் பணம் தருகிறவன் இந்த உலகத்தில் இல்லை.

இப்போது கசிவு. கீலுக்கு அடியில் ஈரம் தெரிவதால் தண்ணீர் கீல் வழியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டாதீர்கள். கூரைத் தகட்டின் ஓரப்பட்டியில் ஒரு திருகாணி ஓட்டை போதும். தண்ணீர் தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் இடையில் ஓடி, கீல் இருக்கும் இடத்தில் தடை கண்டு உள்ளே சொட்டும். தோட்டக் குழாயை எடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். கீழிருந்து மேலே வாருங்கள்: முதலில் பின்மூடியின் அடிரப்பர், பிறகு இரு பக்க ரப்பர், பிறகு கீல், பிறகு ஓரப்பட்டி, கடைசியில் விசிறி. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நில்லுங்கள். எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், ஒன்றும் விளங்காது.

பூசிய சிலிக்கானைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, வேறு பசை ஒட்டாது, புதுச் சிலிக்கானே சரியாக ஒட்டாது. கீலைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து மறுபடி முடுக்குங்கள். திருகாணிகளை ஒரே மூச்சில் இறுக்காமல், சிறிது விட்டு மறுநாள் இன்னொரு சுற்று இறுக்கினால் டேப் ஓரத்தில் பிதுங்கி வரும். பிதுங்கியதை வெட்டிவிடலாம். கீலைக் கழற்றியதும் உள்ளே பிளைவுட்டின் வெட்டு முனையைப் பாருங்கள். கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். அதை மறைத்து விற்காதீர்கள்.

மலைப்பாதை எழுதியது:

தம்பி, நான் வாங்கிய கட்சி. இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒருவர் வீட்டில் கட்டியதைத்தான் வாங்கினேன். வாங்க வருகிறவர் மனத்தில் என்ன ஓடும் என்று சொல்கிறேன்.

கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை மூச்சை இழுத்தது. அடுத்து மெத்தையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தேன். அலமாரிக் கதவின் வேலைப்பாடெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது. உங்களிடம் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனவர்களுக்கு ஈர வாடை அடித்திருக்கும். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனம் வராது.

நான் வாங்கியவர் கட்டும்போதே படங்கள் எடுத்து வைத்திருந்தார். சட்டத்தில் தரை எப்படி முடுக்கப்பட்டிருக்கிறது, ஒயர் சுவருக்குள் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஃபியூஸ் எங்கே, பிளைவுட்டின் முனைகளுக்கு எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்) பூசினாரா என்று எல்லாம் தெரிந்தது. மூடிய சுவருக்குள் இருப்பதை அந்தப் படங்களைத் தவிர வேறு எதுவும் காட்டாது. உங்களிடம் இருந்தால் விளம்பரத்தில் முதலில் அவற்றைப் போடுங்கள். ஏரிக்கரையில் சூரியன் மறையும் படம் ஒன்று போதும்.

விலையைப் பற்றி ஒன்று. சொந்தமாகக் கட்டிய வண்டிக்குக் கடன் கிடைப்பது அரிது. நான் கேட்ட இடங்களில் தயாரிப்பாளர் பெயர் என்ன என்பதே முதல் கேள்வி. ஆகவே கையில் ரொக்கம் வைத்திருப்பவர்தான் உங்கள் கட்சிக்காரர். 7,500ஐ ரொக்கமாக வைத்திருப்பவர் இன்னும் கொஞ்சம் போட்டுத் தொழிற்சாலையில் செய்த பழைய வண்டியைத் தேடுவார். சாமான் செலவு திரும்பினால் சந்தோஷப்படுங்கள். நீங்கள் கண்விழித்துக் கட்டிய ராத்திரிகளுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். நவம்பரில் விற்பதும் உதவாது. மார்ச்சில் கேட்பவர் கூட்டமே வேறு.

காகிதப்புலி எழுதியது:

டைட்டிலை விற்பதற்கு முன் நீங்களே சரிசெய்யுங்கள். வாங்குபவர் தலையில் கட்டினால் அவர் டிஎம்வி (மாநில வாகனப் பதிவு அலுவலகம்) வரிசையில் நிற்கும்போது உங்களைத்தான் நினைப்பார். வண்டியை நேரில் காட்டிச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதற்கு ரெக் 31 என்ற படிவம் இருக்கிறது. எடைச் சீட்டும் சாமான் வாங்கிய ரசீதுகளும் கையோடு இருந்தால் இரண்டாம் முறை அலைய வேண்டாம். சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை அறையின் தரையோ பெட்டியோ மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணைப் படிக்க முடியாவிட்டால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும்.

விற்றதும் ஐந்து நாளுக்குள் ரெக் 138 என்னும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை அனுப்பிவிடுங்கள், இணையத்திலேயே முடியும். பெயர் மாற்ற வாங்குபவருக்குப் பத்து நாள். வரியும் அவர் டிஎம்வியில் கட்டுவதுதான். "ரசீதில் விலையைக் குறைத்து எழுதுங்கள்" என்று சிலர் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். 'உள்ளது உள்ளபடி' விற்கிறேன் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பணம் வாங்க அவருடைய வங்கிக்கே சேர்ந்து போங்கள். உங்கள் கண் முன்னால் ஊழியர் செக் அடித்துத் தந்தால் கவலையில்லை.

ஃப்ரீமாண்ட்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கட்டும்போது எடுத்த படங்கள் இருக்கின்றன, தேடி எடுத்துவிட்டேன். எடையும் பார்த்தாயிற்று: லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் காலி வண்டி 1,180 பவுண்டு. இதை விளம்பரத்தில் போடலாமா? சிறிய கார் வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

மரப்பொடி எழுதியது:

கட்டாயம் போடுங்கள். கூடவே காரோடு மாட்டும் கொண்டியின் மேல் இறங்கும் எடையையும் போடுங்கள். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அங்கே இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியை மரக்கட்டையோடு கொண்டிக்கு அடியில் வைத்தாலே தெரிந்துவிடும். சக்கரத்துக்கு அடை கொடுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் கேம்ப் டிரெய்லரின் (உங்களுடையதுபோல் உள்ளே தங்கும் வண்டி) மொத்த எடை 1,500 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பிரேக் வேண்டும். உங்களுடையது காலியாக 1,180. ஐஸ் பெட்டி, தண்ணீர், அடுப்பு, இரண்டு நாற்காலி ஏற்றுங்கள், எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அச்சில் பிரேக் உண்டா?

ஃப்ரீமாண்ட்வாசி எழுதியது:

அச்சில் பிரேக் கிடையாது. பயணத்துக்கு ஏற்றுவது போல் எல்லாவற்றையும் ஏற்றி மறுபடி எடைமேடைக்குப் போனேன்: 1,390. கொண்டியில் 160. இரண்டையும் சீட்டின் படத்தோடு போட்டுவிட்டேன்.

கசிவு கீல் அல்ல, மரப்பொடி ஐயா சொன்னதுதான். குழாய் வலப்பக்க ஓரப்பட்டிக்கு வந்தபோதே உள்ளே உட்கார்ந்திருந்த என் மனைவி கத்திவிட்டார். பட்டியின் மேல்வளைவில் ஒரு திருகாணி பிளைவுட்டைப் பிடிக்கவே இல்லை; விரலால் சுற்றினாலே கையோடு வருகிறது. அந்தப் பட்டி முழுவதையும் கழற்றியிருக்கிறேன். அடியில் மரம் கெட்டியாகத்தான் இருக்கிறது, நிறம் மட்டும் மங்கியிருக்கிறது. விலையை 5,400 ஆக்கிவிட்டேன். டிஎம்விக்கு அடுத்த செவ்வாய் நேரம் கிடைத்திருக்கிறது.

ஒரு கேள்வி: பழைய திருகாணி ஓட்டைகளை எபாக்சியால் அடைத்து அதே இடத்தில் துளையிடலாமா, அல்லது அரை அங்குலம் தள்ளிப் போடவா?

மரப்பொடி எழுதியது:

மரம் நன்றாகக் காயும்வரை எதுவும் செய்யாதீர்கள். விசிறியை ஓடவிட்டு நான்கைந்து நாள் திறந்து வையுங்கள். பிறகு ஓட்டையை ஒரு சுற்றுப் பெரிதாக்கி, எபாக்சி நிரப்பி, இறுகியதும் அதே இடத்தில் துளையிடுங்கள். தள்ளிப் போட்டால் பட்டியில் பழைய ஓட்டைகள் திறந்தே கிடக்கும். திருகாணி மட்டும் துருப்பிடிக்காத எஃகில், இப்போது இருப்பதைவிடக் கால் அங்குலம் நீளமாக வாங்குங்கள்; அதற்கு மேல் போனால் உள்சுவரில் முனை எட்டிப் பார்க்கும்.