தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று மெடல்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆற்காட்டுப் பேத்தி:
எங்கள் தாத்தா போன வாரம் தவறிவிட்டார். 76 வயது. 1968-இல் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் பொறுப்பை மாமா என்னிடம் விட்டிருக்கிறார்.

வீட்டுத் தாத்தாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். கேன்டீன் சோப்பை மூன்று மகள்களுக்கும் எண்ணிப் பங்கு வைப்பார். பாட்டிக்கு முட்டி வலி வந்த பிறகு காலைக் காபி அவர் கையால்தான். ஆற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேப்பரைத் தொடுவார். மல்லாட்டைக் கொல்லைக்குப் போனால் முன்னால் அவர் நடப்பார், அவர் கால் வைத்த இடத்திலேயே நாங்கள் வரிசையாகக் கால் வைக்க வேண்டும். பாம்புக்காக என்று நினைத்திருந்தோம். கிணற்றுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் குச்சி நட்டு வெள்ளை நாடா கட்டியிருப்பார்.

பட்டாளத்தைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. பெட்டியில் பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சுதந்திர 25ஆம் ஆண்டு மெடல் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் புக்கில் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் என்று போட்டிருக்கிறது. இவை எதற்குக் கொடுத்தவை?

பட்டாளத்தான் மகள்:
மனசு கஷ்டமாக இருக்கிறதும்மா. எழுதுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பாட்டியின் குடும்ப ஓய்வூதியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), டிஸ்சார்ஜ் புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பாட்டி பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்மா விஷயத்தில் நாங்கள் அலைந்தது இந்த ஒரு எழுத்தால்தான்.

பழைய தம்பி:
கண்ணு, நானும் சாப்பர்தான். எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். 1975-இல் பெங்களூர் அல்சூர் சென்டரில் சேர்ந்தேன்.

மெடல் விளிம்பைப் பார், நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பஸ்சிமி ஸ்டார் 1971 போரில் மேற்கு முனையில் நின்றவர்களுக்கு. சங்கிராம் அந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு. மூன்றாவது, 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு.

71-இல் 9 ரெஜிமென்டில் இருந்தார் என்றால் அது பாகிஸ்தான் பக்கம் இருக்கும் ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. டிசம்பர் 15 ராத்திரி ஆற்றங்கரைக் கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்கு வழி திறந்தது எங்கள் சாப்பர்கள்தான். வழி முழுசாகத் திறக்கும் முன்பே பூனா ஹார்ஸ் ரெஜிமென்டின் டாங்கிகள் உள்ளே இறங்கின. அந்த ரெஜிமென்டின் இளம் அதிகாரி, பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் மறுநாள் உயிர்விட்டது அங்கேதான்.

கண்ணிவெடி எடுப்பவன் படுத்துக்கொண்டு, கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திப் பார்த்தே முன்னால் போவான். சுத்தம் செய்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம். பின்னால் வருகிறவன் அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது.

அது பாம்புக்காக இல்லை, கண்ணு. உன் தாத்தா உங்களுக்கு வழி சுத்தம் செய்துகொண்டே நடந்திருக்கிறார். இதை எழுது.

ஆற்காட்டுப் பேத்தி:
ஐயா, இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 73-இல் கல்யாணமான புதிதில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தாத்தா பத்தடி முன்னாலேயே நடப்பாராம். "புதுப் பொண்ணு கூட நடக்க வெட்கப்படுறான்" என்று ஊரே பேசியதாம். அந்த வருத்தம் பாட்டிக்கு இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

காரியத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள் கிணற்று வழி நாடாவை அவிழ்க்கப் பார்த்தார்கள். பாட்டி விடவில்லை.